நாள் யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் முதல் நாளன்று, புனிதர் அனைவர் பெருவிழாத் திருப்பலியில் குலசேகரத்தில் நாம் ஆற்றிய மறையுரையை இன்று எண்ணிப் பார்த்தால் சற்றே நாணம் உண்டாகிறது. ஐப்பசி மழை ஓயாது பெய்துகொண்டிருந்த காலம் அது. ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுபோயிருந்ததால் ஆலயத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம் மிகுந்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்று நம் குமரி மண் தாய்த் தமிழகத்தோடு இணைந்த வரலாற்றை எடுத்துரைத்த நாம், ஆண்டவர் அந்த இணைப்புக்கு வேறெந்த நாளையும் தேர்ந்தெடுக்கவில்லை, விண்ணகப் புனிதர் அனைவரும் ஒருங்கே மன்றாடும் நாளையே தேர்ந்தெடுத்தார் என்று முழங்கினோம். மக்கள் முகம் மலர்ந்தது. நமக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்.

திருப்பலி முடிந்து சக்கரீஸ்துவில் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது ஒரு முதியவர் வாசலில் வந்து நின்றார். பங்கில் எல்லாரும் அறிந்தவர், அதிகம் பேசாதவர். பீருமேட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, திருமணத்தால் இவ்வூருக்கு வந்து, பால்வெட்டுத் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்தவர். "சாமி, ஒரு சந்தேகம்" என்றார். "அதே நாளிலதான் பீருமேட்ட அந்தப் பக்கம் விட்டாங்க. அன்னைக்குப் பீருமேட்டுக்குன்னு ஒரு புனிதர்கூட மன்றாடலையா?"

அவர் குரலில் கேலி இல்லை; கோபமும் இல்லை. விடையை எதிர்பார்த்தே கேட்டார். நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். என்ன சொன்னோம் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை. ஆனால் அவருடைய கேள்வி அன்று முதல் நம்மை விட்டு அகலவில்லை. ஒரே நாளில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளைக் கண்டதும் அவற்றுக்கிடையே இறைவனின் கையொப்பத்தைத் தேடுகிறோமே, இது விசுவாசமா அல்லது விசுவாசத்தின் ஆடையை அணிந்த தன்னலமா? இதைத்தான் இங்கே வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

முதலில் வரலாற்றை நேர்மையாகப் பார்ப்போம். திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் பிரிக்கப்பட்டுக் கன்னியாகுமரி மாவட்டமாயின. நம் குலசேகரம் அன்று கல்குளம் வட்டத்தில் இருந்தது. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தமிழர் பெருகி வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. அங்குள்ள தமிழர் தோட்ட வேலைக்காக வந்து போகிறவர்களே என்ற வாதம் அப்போது பெரிதும் எடுபட்டது. அந்தப் பகுதிகளையும் கேட்டுப் போராடியவர்தாம் மார்ஷல் நேசமணி. 1954இல் மூணாறு சென்று தடையுத்தரவை மீறிக் கைதானவர். ஆகவே 1956 நவம்பர் 1 அவருக்கே முழு மகிழ்ச்சியைத் தந்த நாளன்று. குமரியில் அது இணைப்பு நாள், கேரளத்தில் அது கேரளப் பிறவி நாள், பீருமேட்டில் தேயிலை கொய்துகொண்டிருந்த தமிழ்த் தாய்க்கோ அது கூலி கணக்கிடும் இன்னொரு நாள். விளவங்கோட்டில் வாழ்ந்த மலையாளம் பேசும் குடும்பங்களின் உள்ளத்தில் அன்று என்ன இருந்தது என்று நம் மேடைகளில் எவரேனும் கேட்டதுண்டா? அந்தக் குடும்பங்கள் பலவற்றின் மக்கள் இன்றும் நம் அண்டை வீட்டார்; 1996இல் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் உருவான கீழைத்திருச்சபை மறைமாவட்டங்களில் நம் உடன்பிறந்தோர்.

அந்த நாள் எவ்வாறு குறிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1956 ஆகஸ்டில் நிறைவேறிய மாநிலச் சீரமைப்புச் சட்டம், இந்தியாவின் வரைபடத்தை ஒரே நாளில் மாற்ற ஒரு நாளை நியமித்தது. ஆந்திரப் பிரதேசம், கேரளம், விரிவாக்கப்பட்ட மைசூர் மாநிலம் ஆகியவை அன்றுதான் தோன்றின. அதன்பின் இந்த நாளே புதுடில்லியின் பழக்கமாயிற்று என்று சொல்லும் அளவுக்குச் சான்றுகள் உண்டு. 1966 நவம்பர் 1இல் பஞ்சாப் பிரிக்கப்பட்டு அரியானா பிறந்தது. 1973 நவம்பர் 1இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் என்ற பெயரைப் பெற்றது. 2000 நவம்பர் 1இல் சத்தீசுகர் உதயமாயிற்று. 1956க்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே, 1954 நவம்பர் 1இல், புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பு பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்திருந்தது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், கம்பெனி ஆட்சி முடிந்து அரசி விக்டோரியாவின் ஆட்சி தொடங்குவதை அலகாபாத்தில் கானிங் பிரபு அறிவித்ததும் 1858 நவம்பர் 1தான். புனிதர் அனைவரும் இத்தனைக்கும் மன்றாடினார்கள் என்று எவரும் சொல்வதில்லை. விக்டோரியாவின் அறிக்கைக்காக நாம் நன்றிப்பாடல் இசைக்கப் போவதுமில்லை. மாதத்தின் முதல் நாள் கணக்கு வழக்குக்கு எளிது என்பதை எந்த அலுவலக எழுத்தரும் அறிவார்.

இன்னொன்றும் உண்டு. நம் பங்கில் பழைய குடும்பங்களின் பெட்டிகளில் உள்ள நிலப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அந்தக் கணக்கில் இணைப்பு நடந்தது 1132ஆம் ஆண்டு துலாம் மாதத்தின் நடுவில். தமிழ்க் கணக்கில் துன்முகி ஆண்டு ஐப்பசியில். அந்தப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்திருந்த பாட்டனாருக்கு இந்த நாளும் புனிதர் விழாவும் ஆண்டுதோறும் சரியாக ஒரே எண்ணில் வந்து நிற்கப் போவதில்லை. புனிதர் விழாவேகூட நவம்பர் 1இல் பிறந்ததன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தை நான்காம் போனிபாஸ், உரோமைப் பாந்தெயோன் கோவிலை அன்னை மரியாவுக்கும் மறைசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தது ஒரு மே 13இல். ஒன்பதாம் நூற்றாண்டில் நான்காம் கிரகோரியார் காலத்தில்தான் நவம்பர் முதல் நாள் மேற்குத் திருச்சபை முழுமைக்கும் உரியதாயிற்று. ஆகவே இந்த ஒற்றுமை விண்ணில் எழுதப்பட்டது என்பதைவிட, இரு வேறு காலங்களில் இரு வேறு மனிதக் கைகள் குறித்தவை ஒரே கட்டத்தில் விழுந்தன என்பதே பொருந்தும்.

அரசியல் வரலாற்றில் நாள் ஒற்றுமையைக் கண்டு வியந்தவர்கள் நாம் மட்டுமல்லர். அமெரிக்க விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்ட நாள் 1776 ஜூலை 4. அதன் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாளில், 1826 ஜூலை 4 அன்று, அதனை வரைந்த தாமஸ் ஜெபர்சனும் அதற்காக வாதாடிய ஜான் ஆடம்சும் சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். இருவரும் முன்னாள் குடியரசுத் தலைவர்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1831இல், மூன்றாமவராகிய ஜேம்ஸ் மன்றோவும் அதே ஜூலை 4இல் கண்மூடினார். நாடே மெய்சிலிர்த்தது. 1826இல் குடியரசுத் தலைவராயிருந்தவர் ஆடம்சின் மகன்; அவரும் இதை இறையருளின் வெளிப்படையான அடையாளமாகவே கண்டார். தந்தையை இழந்த மகன் அப்படி எண்ணியதில் நமக்குக் குறை சொல்ல மனமில்லை.

ஆனால் ஜெபர்சனின் இறப்பு இன்னொரு வாசலையும் திறந்தது. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற கொள்கையை எழுத்தில் வடித்த அப்பெரியவர், அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர், பெருங்கடனோடு இறந்தவர். கடனை அடைக்க, 1827 சனவரியில் அவருடைய மான்டிசெல்லோ தோட்டத்தில் ஏறத்தாழ 130 அடிமைகள் ஏலத்தில் நிறுத்தப்பட்டனர். கணவனை ஒருவன் வாங்க, மனைவியை வேறொருவன் வாங்கிப் போன ஏலங்கள் அவை. ஜூலை 4இன் அதிசயத்தைப் பற்றிய புகழுரைகளில் அந்த ஏலத்துக்கு இடம் இருந்திருக்க முடியாது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ், 1852இல் ராச்செஸ்டர் நகரில் அந்த விடுதலை விழாவைக் குறித்துப் பேச அழைக்கப்பட்டார். அவர் பேசிய நாள் ஜூலை 5. அந்த விழா உங்களுடையதேயன்றி என்னுடையதன்று என்பதே அவருடைய உரையின் சாரம். ஒரு நாளின் பெருமையை அளக்க வேண்டுமானால், அதன் விருந்தில் இடம் பெறாதவனிடம் கேட்க வேண்டும் என்பதை நமக்கு உணர்த்தியவர் அவர்தாம். அவருடைய உரையைப் பற்றிப் படித்தபோது பீருமேட்டுப் பெரியவர் மீண்டும் நம் வாசலில் வந்து நின்றதுபோல் இருந்தது.

சரி, நம் புனிதர் அனைவர் விழாவுக்கே திரும்புவோம். 1755 நவம்பர் 1, லிஸ்பன் நகரம். நம் கடற்கரைத் திருச்சபையின் வரலாற்றோடு நெருங்கிய பிணைப்புடைய நகரம் அது; தூய சவேரியார் கப்பலேறியது அங்கிருந்துதான். பெருவிழாத் திருப்பலிக்காக ஆலயங்கள் நிரம்பியிருந்த காலை வேளையில் நிலம் நடுங்கியது. கூரைகள் மக்கள்மேல் விழுந்தன. பின்னர் கடல் பொங்கிவந்தது. பீடங்களில் ஏற்றியிருந்த மெழுகுதிரிகளும் நெருப்புக்குத் துணைபோயின. பல்லாயிரவர் மாண்டனர். இது மக்களின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று மலக்ரிதா என்னும் இயேசு சபைக் குரு எழுதினார். அந்த எழுத்து அவருக்கே வினையாயிற்று. இறைநம்பிக்கையைக் கேலி செய்வோர் எழுதியவற்றையும் நாம் அறிவோம். நமக்குத் தோன்றுவது இவ்வளவே: 1956இன் நவம்பர் 1ஐ இறைவனின் தேர்வு என்று முழங்கும் வாய், 1755இன் நவம்பர் 1ஐப் பற்றியும் ஏதேனும் சொல்லியாக வேண்டும். நாம் அன்று பீடத்தில் நின்று சொன்னதை லிஸ்பனின் இடிபாடுகளில் நின்று சொல்லியிருப்போமா?

ஆண்டவர் இயேசுவிடமும் இப்படியொரு செய்தியைக் கொண்டு வந்தார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தி அது. லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அதைக் காண்கிறோம். அவரோ, சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரையும் தாமே நினைவூட்டி, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற முடிவை மறுத்துவிட்டார். நிகழ்ச்சிக்கு விளக்கம் கேட்டவர்களிடம், அவர்களுடைய மனமாற்றத்தையே கேட்டார். விரல் வெளியே நீளவில்லை. கேட்டவர்களின் நெஞ்சை நோக்கித் திரும்பியது.

குருமடத்தில் நாம் படித்த காலத்தில் தூய தோமா அக்குவினாரின் ஒரு கருத்தை மனப்பாடமாக ஒப்புவித்து மதிப்பெண் பெற்றோம். பொருள் விளங்கியது வெகுகாலம் கழித்துத்தான். இறைப் பராமரிப்பு தற்செயலை அழிப்பதில்லை என்கிறார் அவர். இறைவன் ஆளும் உலகில் தற்செயலான நிகழ்ச்சிகளுக்கும் உண்மையான இடம் உண்டு. எனவே ஒன்றைத் தற்செயல் என்று சொல்வதால் இறைவனை வெளியேற்றிவிட்டதாகாது. ஒவ்வொரு தற்செயலையும் அடையாளமாக்கினால்தான் அவருக்கு மரியாதை என்பதும் இல்லை. நாள்களையும் மாதங்களையும் காலங்களையும் பிடித்துக்கொண்டு தொங்கிய கலாத்தியரைத் தூய பவுல் கடிந்துகொண்டதை இந்த இடத்தில் நினைக்கலாம். (எமகண்டம் பார்த்துத் திருமண ஓலை வாசிக்க வரும் நம் பங்குமக்கள் சிலரும் இதை நினைத்துக்கொண்டால் நல்லது.)

இங்கே ஒரு தடை எழும், எழத்தான் வேண்டும். 1981 மே 13 அன்று தூய பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுடப்பட்டார். அது 1917இல் பாத்திமாவில் அன்னை முதன்முதல் காட்சியளித்த நாள். தம் உயிரைக் காத்தது அன்னையின் கை என்று திருத்தந்தை உறுதியாக நம்பினார். மறு ஆண்டு அதே நாளில் பாத்திமா சென்று நன்றி செலுத்தினார். அவருடைய உடலைத் துளைத்த குண்டு அங்குள்ள அன்னையின் மணிமுடியில் பதிக்கப்பட்டுள்ளது. அப்படியானால் ஒரு திருத்தந்தையே நாள் ஒற்றுமையில் இறைவனைக் கண்டாரே, அது தவறா?

தவறென்று சொல்ல நாம் யார்? ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அவர் வாசித்தது தம் சொந்தக் காயத்தை. பிறருடைய இழப்பின்மேல் ஏறி நின்று அவர் அந்தப் பொருளைச் சொல்லவில்லை. சுடப்பட்ட நான்காம் நாளே, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து, சுட்டவனைச் சகோதரன் என்று அழைத்து மன்னித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று அவனருகில் அமர்ந்து பேசினார். நன்றியுணர்வு தன் வாழ்வின் நாள்களில் இறைவனின் தடத்தைக் காணலாம். அது செபத்தின் உரிமை. அதே வாசிப்பை ஓர் ஊருக்கும் இனத்துக்கும் வரலாற்றுத் தீர்ப்பாகப் பீடத்திலிருந்து அறிவிக்கும்போது, அந்தத் தீர்ப்பில் தோற்றவர்களும் நம் முன்னே அமர்ந்திருக்கிறார்கள். நாம் செய்த பிழை அதுதான். நம் நன்றியைச் செபமாகச் சொல்லியிருக்கலாம். இறைவனின் அரசியலாகச் சொல்லிவிட்டோம்.

இன்னும் வருத்தமான ஒன்று உண்டு. இணைப்புக்கு நாம் விலை கொடுத்த நாள் 1954 ஆகஸ்ட் 11. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் விடுதலை நாள் என்று அறிவித்திருந்த அன்று, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் நம் மண்ணின் ஏழை எளியோர் உயிரிழந்தனர். இன்றைய திருவழிபாட்டு நாள்காட்டியில் ஆகஸ்ட் 11 தூய கிளாராவின் நினைவு நாள்; 1954இல் அந்த விழா மறுநாள் வந்தது. எந்தக் குருவும் அந்த நாளை இறைவன் தேர்ந்தெடுத்தார் என்று மறையுரை ஆற்றியதாக நாம் கேட்டதில்லை. அதைப் பட்டம் தாணுபிள்ளையின் கணக்கிலும் காவல்துறையின் கணக்கிலும் எழுதிவிட்டோம். வெற்றி நாள் இறைவனுக்கு, குருதி நாள் எதிரிக்கு! இந்தப் பங்கீட்டை நாமே செய்துவிட்டு அதற்கு இறைத்திட்டம் என்று பெயரிடுகிறோம்.

அந்த ஆகஸ்ட் நாளில் நம் மதிப்பைப் பெறுகிறவர் ஒருவர் உண்டு. பட்டத்தின் அரசு பிரஜா சோசலிஸ்டு கட்சியின் அரசு. அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, தம் சொந்தக் கட்சியின் அமைச்சரவையே துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலக வேண்டும் என்றார். பட்டம் விலகவில்லை, இறுதியில் லோகியாதான் அக்கட்சியைப் பிரிய நேர்ந்தது. அவர் கிறிஸ்தவர் அல்லர். கோவிலுக்குச் செல்லும் வழக்கமுடையவருமல்லர். ஆயினும் ஒரு நாளைத் தமக்கு எதிராக வாசிக்கத் துணிந்தார். சீலோவாமைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நம்மைவிட அவர் நன்றாகக் கேட்டிருந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மேலும் ஒரு சோதனையை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நம் மாநிலம் 'தமிழ்நாடு' என்ற பெயரைச் சட்டப்படி ஏற்ற நாள் 1969 சனவரி 14. தூய தேவசகாயம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டது 1752 சனவரி 14. 2022 மே 15இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது இந்த ஒற்றுமை நம் கண்ணில் பட்டது, கை பரபரத்தது, ஒரு மறையுரைக்குத் தலைப்பும் கிடைத்துவிட்டது. நல்ல வேளையாக, பெரியவரின் கேள்வி குறுக்கே வந்தது. நட்டாலத்தில் நாயர் குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூர் மன்னரின் பணியிலிருந்து, வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, கோட்டாற்றில் துயிலும் அந்தப் புனிதரை எந்த மாநிலத்தின் பெயர்ப் பலகையில் எழுதுவது? எல்லைக்கோட்டின் இருபுறத்தாரும் அவரிடம் மண்டியிடுகிறார்கள். மறையுரைத் தாளை மடித்து வைத்துவிட்டோம்.

அரசுகளும் நாள்களை இடம் மாற்றுகின்றன. 2019இல் நவம்பர் 1 தமிழ்நாடு நாள் என்று அறிவிக்கப்பட்டது. 2021இல் அந்தச் சிறப்பு, பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் 1967இல் நிறைவேறிய ஜூலை 18க்குப் போயிற்று. இரு தரப்பிலும் நியாயங்கள் உண்டு. அதில் நுழைவது நம் பணியன்று. குமரியில் மட்டும் நவம்பர் 1 இன்னும் நவம்பர் 1தான். அதை நாமும் மகிழ்ச்சியோடு கொண்டாடுகிறோம். தாய்மொழியில் பள்ளியும் நீதிமன்றமும் கேட்ட மக்களின் வேட்கை நியாயமானது. அது நிறைவேறியதற்கு நன்றி சொல்வதில் எந்தப் பிழையும் இல்லை.

மறு ஆண்டு அதே பெருவிழாவில் நாம் மறையுரையை மலைப்பொழிவோடு நிறுத்திக்கொண்டோம். விசுவாசிகள் மன்றாட்டில் மட்டும் மூன்று வரி சேர்த்தோம். ஒன்று, இணைப்புக்காக நன்றி. அடுத்தது, ஆகஸ்ட் 11இல் இறந்தவர்களுக்காகவும், அவர்களைச் சுட்டவர்களுக்காகவும். மூன்றாவது, பீருமேட்டிலும் தேவிகுளத்திலும் எல்லையின் இருபுறமும் தம் மொழி சிறுபான்மையாகிப்போன எல்லாருக்காகவும். சுட்டவர்களுக்காகச் செபித்தது பங்குப்பேரவையில் இருவருக்குப் பிடிக்கவில்லை. அதைப் பின்னர் நம்மிடம் நேரிலேயே சொன்னார்கள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கல்லறைத் திருநாள். மாலையில் கல்லறைத் தோட்டத்தை மந்திரித்துக்கொண்டு வந்தபோது, எல்லாரும் தத்தம் கல்லறைகளில் மாலையும் மெழுகுதிரியுமாய் நிற்க, அவர் மட்டும் நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில், எந்தக் கல்லறையும் இல்லாத வெறுந்தரையில் குனிந்திருந்தார். "அம்ம அங்க பீருமேட்டுல, தோட்டத்துக் கல்லறையில இருக்கா சாமி. இந்த வயசுல மலை ஏற முடியல" என்றார். மழை தூறத் தொடங்கியிருந்தது. அவர் ஏற்றிய திரி இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை அவர் தீக்குச்சியைக் கிழித்தபோது, உபதேசியாரின் கையிலிருந்த குடையை வாங்கி அதன்மேல் பிடித்தோம்.